மாதத்தின் மேல் போட்ட பழி

"தகப்பனைத் தின்ற பிள்ளை!"

இவ்வுலகம் எனக்கு முதன்முதலாக வழங்கிய பட்டம் இது. பல்கலைக்கழகம் தந்த பட்டம் பின்னர் வந்தது. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். இந்தப் பட்டத்தையோ என் நெற்றியிலேயே மாட்டினார்கள். அப்போது எனக்கு வயது ஒன்பது மாதம். தின்னப் பல்லில்லை, தாய்ப்பாலும் கேழ்வரகுக் கூழும் தவிர வேறொன்றும் அறியேன். ஆயினும், ஆறடி உயரமும் அகன்ற மார்பும் கொண்ட ஓர் உழவரை நான் தின்று தீர்த்துவிட்டேன் என்று ஊர் தீர்ப்பளித்தது. சான்று? சான்றெதற்கு? நான் பிறந்த மாதம் சித்திரை! அது போதுமே!

1952-ஆம் ஆண்டு, சித்திரை நடுவில், தஞ்சைத் தரணியிலே ஒரு சிற்றூரில் பிறந்தேன். சித்திரையில் தலைப்பிள்ளை பிறந்தால் அப்பன் தெருவில் நிற்பான் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. என் தந்தை தெருவில் நிற்கவில்லை, களத்தில் படுத்தார். 1953-ஆம் ஆண்டு தை மாதம், சம்பா அறுவடை முடிந்து நெல் களத்தில் கிடந்தது. காவலுக்குப் போனவர் வைக்கோலை விரித்துத் தரையிலேயே படுத்திருக்கிறார். விடியற்காலையில் வயிற்றைப் பிசைகிறது என்று வீடு வந்தார். கண்ணிமை சரிந்தது, நாக்குக் குழறியது. கட்டுவிரியன் தீண்டியிருக்கிறது. அந்தப் பாம்பு கடிப்பது பெரும்பாலும் இரவில், தரையில் உறங்குவோரை. கடித்த இடத்தில் வலியும் இராது, வீக்கமும் இராது. உறங்குபவன் உறங்கிக்கொண்டே இருப்பான். நஞ்சு மட்டும் விழித்திருக்கும்.

நஞ்சு முறிக்கும் மருந்தை அறிவியலார் 1890-களிலேயே கண்டுவிட்டனர். எங்கள் ஊரிலிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் மூன்று மணி நேரம். வண்டி பூட்டினார்களா? பூட்டினார்கள். எதற்கு? பக்கத்து ஊர் மந்திரவாதியை அழைத்து வர! வேப்பிலை வந்தது, விபூதி வந்தது, உடுக்கை வந்தது. மூச்சு மட்டும் போய்க்கொண்டே இருந்தது. உச்சிப்பொழுதுக்குள் எல்லாம் முடிந்தது.

மந்திரவாதியை எவரும் குறை கூறவில்லை. அவர் கூலியாக ஒரு மரக்கால் நெல்லும் பெற்றுச் சென்றாராம். பாம்பை ஒருவரும் குறை கூறவில்லை, அது தெய்வம். வண்டியைத் திசைமாற்றிப் பூட்டிய பெரியவர்களை ஏசுவதற்கு எவருக்குத் துணிவு? தொட்டிலில் கிடந்தேன் நான். திருப்பிப் பேசமுடியாத ஒரே ஆள். பழி வந்து படுத்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் ஏது?

என் மேல் விழுந்த பழியாவது பாதி. மீதி, என் தாயின் மேல் விழுந்தது. சித்திரையில் பிள்ளை பிறந்ததென்றால், ஆடியில் கருவுற்றாள் என்று பொருள். ஆடியிலே புதுமணப் பெண்ணைத் தாய்வீட்டிற்கு அழைத்துப்போய் விடவேண்டும்; அதற்கு ஆடிச் சீர் என்று பெயர். மாப்பிள்ளைக்கு வேட்டி துண்டு, பெண்ணுக்குப் புடவை, பலகாரம், கையில் கொஞ்சம் பணம் என்று பெண்ணைப் பெற்றவன் கொண்டுவந்து இறக்கினால்தான் பெண்ணை அனுப்புவார்கள். என் தாய்க்கு மணம் நடந்தது 1951 வைகாசியில். அந்தக் கடனே அடையாத என் தாத்தா, இரண்டு மாதத்திற்குள் ஆடிச் சீருக்கு எங்கே போவார்? அவர் வரவில்லை. மாமியார் வீட்டிலோ நடவு வேலைக்கு ஆள் தேவை. ஆகவே பெண் அங்கேயே இருந்தாள். அழைக்காதவர் ஒருவர், அனுப்பாதவர் வேறொருவர். பழி மட்டும் அவளுக்கு! "ஆடியிலே அடங்கத் தெரியாதவள்" என்று பத்தொன்பது வயதுப் பெண்ணைப் பார்த்து, பிணம் கிடந்த வாசலிலேயே சொன்னார்களாம். இதை என் தாய் என்னிடம் சொன்னபோது எனக்கு வயது நாற்பது. இருபத்தைந்திலே சொல்ல முடியாத வார்த்தை அது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் தந்தையைப் பெற்ற பாட்டி — எங்கள் பக்கத்தில் அப்பாயி என்போம் — ஒரு முடிவு சொன்னார். மருமகள் இருக்கட்டும், பிள்ளை போகட்டும். இருந்தால் வீட்டில் மிச்சமிருக்கும் ஆண்களையும் அது பார்த்துவிடும். மருமகளுக்கு இரண்டு கைகள் உண்டு, அவை களையெடுக்கும். பிள்ளைக்கு வாய் மட்டுந்தானே! மாத சாஸ்திரத்திற்குள் இப்படி ஒரு வரவு செலவுக் கணக்கும் இருந்தது. தாத்தா வந்து என்னைத் தோளில் போட்டுக்கொண்டு பதினான்கு மைல் நடந்தார். பால்குடி மறக்காத பிள்ளை. வழியெல்லாம் அழுதேன் என்பார். அம்மாயி எனக்கு ஆட்டுப்பால் கொடுத்து வளர்த்தார். தாயை நான் ஆண்டுக்கு இரண்டு முறை பார்த்தேன், பொங்கலுக்கு ஒருமுறை, ஊர்த் திருவிழாவுக்கு ஒருமுறை. "வா" என்று அவள் கை நீட்டும்போது அம்மாயியின் முந்தானைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்வேனாம். அந்த ஒளிதல்தான் அந்த வீட்டில் அவளுக்குக் கிடைத்த தண்டனைகளில் பெரிது.

பஞ்சாங்கத்திற்கு வக்காலத்து வாங்குவோர் இன்று புதிய கோட்டு அணிந்து வருகிறார்கள். "அப்படியெல்லாம் இகழாதீர்கள் ஐயா, இதில் விஞ்ஞானம் இருக்கிறது. சித்திரை வெயிலில் பிள்ளை பெற்றால் தாய்க்கும் சேய்க்கும் தொல்லை. அதனால்தான் முன்னோர் ஆடியில் பிரித்து வைத்தார்கள்" என்கிறார்கள். கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போமே! அக்கினி நட்சத்திரம் என்று இவர்களே குறித்து வைத்திருக்கும் நாட்கள் ஏறத்தாழ மே 4 முதல் 28 வரை. அதில் பாதிக்கு மேல் வைகாசியில் விழுகிறது. வைகாசியில் பிறக்கும் பிள்ளை ஆவணியில் உருவானது. ஆவணியோ இவர்களுடைய திருமண மாதம்! ஆவணி முகூர்த்தத்திற்கு மண்டபம் கிடைக்காமல் அலைகிறார்களே, அந்த மணமக்களை அனல் கக்கும் வைகாசிக்கு அனுப்பி வைக்கும் முன்னோர், ஆடித் தம்பதியருக்கு மட்டும் வெயிலைப் பற்றிக் கவலைப்பட்டார்களா? தலைப்பிள்ளைக்கு மட்டுந்தான் வெயில் சுடுமா, மூன்றாம் பிள்ளைக்குச் சுடாதா? வெயிலுக்காகப் பிறந்த வழக்கமானால், பிறந்துவிட்ட பிள்ளைக்கு விசிறி கொடுத்திருக்க வேண்டும். வசை கொடுத்திருக்கக் கூடாது.

இன்னொரு வேடிக்கை. சித்திரை முதல் நாளே தமிழர் புத்தாண்டு, அதைத் தொடாதே என்று வாதாடுவோரும் இவர்களே. தை முதல் நாளைத் தமிழ்ப் புத்தாண்டு என்று 2008-இல் சட்டம் செய்தபோது வெகுண்டெழுந்தார்கள். 2011-இல் அது நீக்கப்பட்டபோது மகிழ்ந்தார்கள். ஆண்டு பிறப்பதற்கு உகந்த மாதம், ஆள் பிறப்பதற்கு ஆகாத மாதமாம்!

மடமை நம் நாட்டின் தனியுடைமை அன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜப்பானியரிடமும் அறுபது ஆண்டுச் சுழற்சி ஒன்று உண்டு. அதில் ஒரு ஆண்டுக்கு 'ஹினோஎ உமா' என்று பெயர்; நெருப்புக் குதிரை என்று பொருள். அந்த ஆண்டில் பிறக்கும் பெண் கணவனைக் கொல்வாள் என்று நம்பிக்கை. 1965-இல் அந்நாட்டில் ஏறத்தாழ 18 இலட்சம் பிள்ளைகள் பிறந்தனர். நெருப்புக் குதிரை ஆண்டான 1966-இல் ஏறத்தாழ 13 இலட்சத்து 60 ஆயிரம். அடுத்த ஆண்டே எண்ணிக்கை 19 இலட்சத்தைத் தாண்டியது. மின்சார இரயிலை மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டிய நாடு, அதே ஆண்டுகளில் ஒரு குதிரையைக் கண்டு அஞ்சி வீட்டுக்குள் பதுங்கியது! இயந்திரம் வந்தால் மூடநம்பிக்கை தானே ஓடிவிடும் என்று நம்முடைய மன்றங்களில் சில தோழர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் குதிரை நினைவுக்கு வரும்.

பள்ளிக்கு வருவோம். 1957 ஜூன். காமராசர் ஆட்சி. அதற்கு முந்திய ஆண்டில் பகலுணவுத் திட்டம் தொடங்கியிருந்தது. எனவே, "படிப்பு வருகிறதோ இல்லையோ, சோறு வரும்" என்று தாத்தா என்னை இழுத்துக்கொண்டு போனார். தலைமையாசிரியர் கறுப்புத் துண்டு போட்டவர். "வலக்கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடக்காதைத் தொடடா" என்றார். தொட்டேன். "ஐந்து ஆயிற்று" என்றார். அக்கால முறை அது. பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருந்தது? காது எட்டினால் கல்வி; எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு.

"பிறந்தது எப்போது?" என்றார். தாத்தா தயங்கினார். அறையில் வேறு ஆட்கள் இருந்தனர். "வைகாசி..." என்று இழுத்தார். பிறகு ஆசிரியரின் காதருகே குனிந்து, "சித்திரைங்க. எழுதிடாதீங்க. புள்ளைய ஊரு பேசும்" என்றார். ஆசிரியர் சிரித்தார். "எனக்கு எல்லாப் பிள்ளையும் ஒரே நாளில் பிறந்ததுதான் ஐயா" என்று சொல்லி, பதிவேட்டில் 1-6-1952 என்று எழுதினார். பள்ளி திறக்கும் நாளில் ஐந்து நிறைந்திருக்க வேண்டுமல்லவா? கணக்கு நேராக வரும் தேதி அது. அந்தப் பக்கம் முழுவதும் ஜூன் முதல் தேதிதான்.

தாத்தாவுக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. ஜூன் முதல் தேதி வைகாசியில் அல்லவா வருகிறது! கோள்கள் கூடி எழுதிய விதியை ஒரு கட்டைப் பேனா ஒரு நொடியில் மாற்றிவிட்டது. அன்று முதல் ஊர் கேட்டால் "வைகாசி" என்பார். ஆதாரம் கேட்டால் "பள்ளிக்கூடத்தில் எழுதியிருக்கிறது" என்பார். படிப்பின் பயனை அவர் முதன்முதலில் உணர்ந்தது அங்கேதான்.

இந்த ஜூன் முதல் தேதி எங்கள் தலைமுறையைச் சுடுகாடு வரை தொடரும். பள்ளியிறுதிச் சான்றிதழில் அதுவே, பணிப்பதிவேட்டில் அதுவே, ஓய்வூதிய ஆணையிலும் அதுவே. நானும் ஆசிரியனாகி, ஐம்பத்தெட்டு வயதில், 2010 மே 31 அன்று ஓய்வு பெற்றேன். அன்று எங்கள் வட்டாரத்தில் மாலை போட்டுக்கொண்டு நின்ற ஆசிரியர்கள் பலர். எல்லாரும் ஜூன் முதல் தேதிக்காரர்கள். ஒருதாய் மக்கள் நாம் என்று மேடையில் பேசுகிறோமே, நாங்கள் ஒரு பேனாவின் மக்கள்!

இதுவரை சொன்னது பிறர் செய்த பிழை. இனி நான் செய்தது.

நான் மாணவனாக இருந்தபோதே கழகக் கூட்டங்களுக்குப் போனவன். சாதகம் பார்ப்பதில்லை, நாள் பார்ப்பதில்லை, இராகுகாலத்தில் புறப்படுவது என்று பிடிவாதமே உண்டு. 1978-இல் எனக்குச் சுயமரியாதைத் திருமணம். 1967-இல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தால், அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லும் என்னும் உறுதியோடு மாலை மாற்றிக்கொண்டோம். என் துணைவியாரின் நட்சத்திரம் இன்றுவரை எனக்குத் தெரியாது. மூலத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட இரண்டு பெண்களுக்கு, மேடையிலேயே மணமகன்களைத் தேடித் தந்திருக்கிறோம். அப்படிப்பட்ட நான் ஒரு மாதத்தைக் கண்டு அஞ்சினேன். சித்திரையை அன்று, செப்டம்பரை!

என் மகள் 1980 செப்டம்பர் 20 அன்று பிறந்தாள். 1985 ஜூனில் அவளுக்கு நாலே முக்கால் வயது. சேர்க்க இயலாது, அடுத்த ஆண்டு வா என்பார்கள். "ஒரு வருடம் வீண்!" — இந்த மூன்று சொற்கள் என்னை ஆட்டிப் படைத்தன. ஒரு வருடம் முந்தினால் ஒரு வருடம் முன்னதாகப் பட்டம், ஒரு வருடம் முன்னதாக வேலை. பெண் பிள்ளை வேறு, ஊர் கல்யாணம் கல்யாணம் என்று கத்தும் முன் படித்து முடித்துவிட வேண்டும். அந்நாளில் பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும். நான் எழுதிக் கொடுத்தேன்: 20-6-1980. செப்டம்பரை ஜூனாக்கிய அந்தக் கை, பஞ்சாங்கத்தைக் கொளுத்த வேண்டும் என்று கட்டுரை எழுதிய அதே கை.

வகுப்பில் அவள்தான் கடைக்குட்டி. பலகையைப் பிடிக்கும் விரலில் வலுவில்லை. 'அ' எழுதச் சொன்னால் சுழி தொடங்கும், முடியாது. பகல் இரண்டு மணிக்கு உறங்கிவிடுவாள். அடுத்த வீட்டுப் பெண்ணும் அதே வகுப்பு; அவள் மணிமணியாய் எழுதுவாள், பாடல் ஒப்பிப்பாள். "அவளைப் பார், உன்னைப் பார்" என்று எத்தனை மாலைகள் சொல்லியிருப்பேன்! இரண்டாம் வகுப்பில் ஆசிரியை "கொஞ்சம் மந்தம்" என்றார். அன்றிரவு அவளை அடித்தேன். பிரம்பால் அன்று, அளவுகோலால். ஆசிரியனின் வீட்டில் அது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். அவள் அழவில்லை. விரலை மட்டும் மடக்கிக்கொண்டாள்.

அடுத்த வீட்டுப் பெண் 1979 நவம்பரில் பிறந்தவள். பத்து மாத மூப்பு. ஐம்பது வயதுக்காரருக்குப் பத்து மாதம் ஒன்றுமில்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கோ அது வாழ்ந்த வாழ்நாளில் ஆறில் ஒரு பங்கு! இந்த எளிய வகுத்தல் கணக்கை, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திய நான் போட்டுப் பார்க்கவில்லை.

போட்டுப் பார்த்தது பல ஆண்டுகள் கழித்து, ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியனாக இருந்தபோது. அதற்குள் பிறப்புப் பதிவு பரவிவிட்டது. ஏட்டிலுள்ள தேதிகள் உண்மைத் தேதிகளாகிவிட்டன. முதல் வகுப்பு ஆசிரியை, மெல்லக் கற்போர் என்று ஒரு பட்டியல் கொடுத்தார். பெயர்களுக்கு எதிரே பிறந்த நாளைக் குறித்துக்கொண்டே போனேன். மே, ஜூலை, ஜூன், ஜூலை, மே... பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பட்டியலில் பெரும்பாலோர் வகுப்பின் கடைசி மூன்று மாதத்துப் பிள்ளைகள். அறிவில் மந்தமானவர்கள் அல்லர், அகவையில் இளையவர்கள்! ஒரு பள்ளியில் ஓர் ஆண்டில் கண்டதை உலக நியதி என்று நான் சொல்லவில்லை. ஆனால், தேடிப் படித்தபோது, உலகமெங்கும் இதையே கண்டிருக்கிறார்கள்.

கனடாவில் பனித்தரை ஹாக்கி ஆட்டத்தில் வயதுப் பிரிவு சனவரி முதல் நாளில் தொடங்குகிறது. பெரிய அணிகளில் ஆடுவோரில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோர் மிகுதி, இறுதி மாதங்களில் பிறந்தோர் குறைவு என்று ராஜர் பார்ன்ஸ்லி என்னும் உளவியலாளரும் அவர் குழுவினரும் 1985-இல் எடுத்துக் காட்டினர். சிறுவயதில் பத்து மாதம் மூத்தவன் சற்று உயரம், உயரமானவனைத் தேர்ந்தெடுக்கிறார்கள், தேர்ந்தெடுத்தவனுக்கு நல்ல பயிற்சி, பயிற்சி பெற்றவன் திறமைசாலி ஆகிறான். இங்கிலாந்தில் பள்ளிக் கோடு செப்டம்பர் முதல் நாள். அங்கே பின்தங்குவோர் ஆகஸ்டுப் பிள்ளைகள். ஜப்பானில் கோடு ஏப்ரலில். அங்கே கடைக்குட்டிகள் மார்ச்சு மாதத்தார். பல நாடுகளின் தேர்வு மதிப்பெண்களை ஒப்பிட்டு 2006-இல் பெடார்ட், டியூயி என்னும் இரு பொருளியலாளர் வெளியிட்ட ஆய்வு, வகுப்பில் இளையோருக்கு உள்ள இந்தக் குறை எட்டாம் வகுப்பிலும் முற்றாக மறைவதில்லை என்று காட்டியது.

சோதிடர்கள் இதைக் கேட்டால் துள்ளுவார்கள்: "பார்த்தீர்களா, மாதத்திற்குப் பலன் உண்டென்று அறிவியலே சொல்லிவிட்டது!" பொறுங்கள் ஐயா, பொறுங்கள். கோள்தான் காரணம் என்றால் உலகெங்கும் ஒரே மாதத்துப் பிள்ளை அல்லவா பின்தங்க வேண்டும்? இங்கிலாந்தில் ஆகஸ்டு, ஜப்பானில் மார்ச்சு, கனடாவின் ஆட்டக்களத்தில் டிசம்பர் என்று நாட்டுக்கு நாடு சனி இடம் மாறி உட்காருகிறாரா? சனி மாறவில்லை, பதிவேட்டில் இழுத்த கோடு மாறுகிறது. நம் தமிழ்நாட்டையே பாருங்கள். முதல் வகுப்புக்கு ஜூலை 31-க்குள் ஐந்து வயது நிறைய வேண்டும் என்பது விதி. ஜூலை 31 என்பது ஆடி நடுப்பகுதி. ஜூலை 30-இல் பிறந்த பிள்ளையும் ஆகஸ்டு 2-இல் பிறந்த பிள்ளையும் ஒரே ஆடி. இவர்கள் கணக்குப்படி ஞாயிறு நிற்கும் இராசியும் ஒன்றே. ஆனால் ஒன்று தன் வகுப்பில் கடைக்குட்டி. மற்றொன்று அடுத்த ஆண்டு வகுப்பில் அண்ணன்! மூன்று நாள் இடைவெளியில் வானத்தில் ஒன்றும் நிகழவில்லை. மை காய்ந்தது, அவ்வளவே.

மனிதன் இழுத்த கோட்டை மனிதன் உணர்ந்து நடக்கலாம். உணராவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்க நாட்டில் கவனச்சிதறல் நோய் என்று பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்கிறார்கள். செப்டம்பர் முதல் நாளைக் கோடாகக் கொண்ட மாநிலங்களில், ஆகஸ்டில் பிறந்த பிள்ளைகளில் பத்தாயிரத்திற்கு ஏறத்தாழ 85 பேருக்கும், செப்டம்பரில் பிறந்தோரில் 64 பேருக்கும் அந்நோய் என்று குறித்திருக்கிறார்கள் என்று 2018-இல் ஒரு மருத்துவ ஆய்வு சொன்னது. ஒரு மாதத்தில் நோய் இத்தனை குறையுமா? ஐந்து வயதுக்குரிய துடிப்பை ஆறு வயதுக்காரரோடு உட்காரவைத்து, "இது நோய்" என்று எழுதியிருக்கிறார்கள். அங்கே மாத்திரை, இங்கே அளவுகோல்.

கோட்டை ஆறு வயதுக்குத் தள்ளினால் சரியாகிவிடுமா? 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை முதல் வகுப்புக்கு ஆறு என்கிறது. அந்தக் கொள்கையோடு நமக்குள்ள வழக்கு வேறு, அது நீண்டது. இந்த ஒன்றில் மட்டும் சொல்வதானால், கோட்டை எங்கே போட்டாலும் அதன் ஓரத்தில் ஒரு பிள்ளை நிற்கும். அந்தப் பிள்ளையின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்வதுதான் ஆசிரியர் செய்யத்தக்கது. நான் ஓய்வு பெறும் வரை, முதல் இரண்டு வகுப்புகளின் வருகைப் பதிவேட்டை அகர வரிசையில் வேண்டாம், பிறந்த நாள் வரிசையில் எழுதுங்கள் என்று சொல்லி வந்தேன். கடைசிப் பத்துப் பெயர்களைப் பார்த்துவிட்டுப் பிறகு மந்தம் என்ற சொல்லை எடுங்கள் என்றேன். சில ஆசிரியைகள் முணுமுணுத்தார்கள். சிலர் செய்தார்கள். காது தொடும் சோதனையை மடமை என்று ஒரு காலத்தில் நானும் சிரித்தவன்தான். இன்று நினைக்கையில், அந்தச் சோதனை தேதியைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தது என்று தோன்றுகிறது. ஆனால், பசியால் வளராத பிள்ளையை அது வெளியே நிறுத்தியதும் உண்டு. அதையும் மறக்கக் கூடாது.

என் மகள் பிறகு படித்தாள், நன்றாகவே படித்தாள். ஒன்பதாம் வகுப்பில் இடைவெளி மறைந்தது. "எனக்குக் கணக்கு வராது" என்று தானே சொல்லிக்கொள்ளும் வழக்கம் மட்டும் மறையவில்லை. இன்று அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில்தான் வேலை. இன்றும் கூட்டல் போட்டுவிட்டு ஒருமுறைக்கு மூன்றுமுறை சரிபார்ப்பாள். விரலை மடக்கிக்கொண்டே.

2011-இல் அவளுக்குத் தலைப்பேறு. மருத்துவர் குறித்த நாள் ஏப்ரல் கடைசி வாரம். சித்திரை! மாப்பிள்ளையின் தாயார் நல்லவர், என் மகளிடம் அன்பானவர். ஆனால் முகம் வாடிவிட்டது. "பங்குனி முடியுறதுக்குள்ள நாள் பார்த்து எடுத்துடலாமே சம்பந்தி, இப்பல்லாம் எல்லாரும் செய்யிறதுதானே" என்றார். தனியார் மருத்துவமனையிலும், "தேதியைச் சொல்லுங்கள்" என்று சாதாரணமாகக் கேட்டார்கள். தமிழ்நாட்டில் பிறக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு 45 வயிற்றைக் கீறி எடுக்கப்படுவதாக 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு காட்டுகிறது. அத்தனையும் சோதிடத்தால் அன்று. உயிர் காத்தவை ஏராளம். ஆயினும், முகூர்த்தத்திற்குக் கத்தி எடுக்கும் வழக்கம் உண்டென்பதை அறியாதார் யார்? முப்பத்தொன்பது வாரம் நிறையுமுன் காரணமின்றி எடுத்தால் குழந்தைக்கு மூச்சுத் தொல்லை வரும் வாய்ப்புக் கூடும் என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. அந்நாளில் பேனாவால் மாதத்தை மாற்றினார்கள், பிள்ளைக்கு நோவில்லை. இந்நாளில் கத்தியால் மாற்றுகிறார்கள்.

நான் வாதாட வாய் திறந்தேன். அதற்குள் மூலையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த என் தாய், உலக்கையைக் கீழே வைத்தாள். அப்போது அவளுக்கு வயது எழுபத்தேழு. நான் ஆசிரியனானதும் அவளை என்னோடு அழைத்து வந்துவிட்டேன். மூடநம்பிக்கை பற்றி அவள் என்னிடம் ஒருநாளும் பேசியதில்லை. வெள்ளிக்கிழமை விளக்கும் ஏற்றுவாள். மாப்பிள்ளையின் தாயாரைப் பார்த்துச் சொன்னாள்:

"அம்மாடி, சித்திரையிலதான் இவனப் பெத்தேன். மாசத்தச் சொல்லித்தான் எங்கிட்டருந்து புடுங்கிட்டுப் போனாங்க. மாரு கட்டி, துணியக் கிழிச்சுக் கட்டிக்கிட்டு நடவு நட்டேன். என் பேத்தி புள்ள அது வர்ற நாள்ல வரட்டும். யாரும் கைய வைக்காதீங்க."

அந்தத் தாயார் எழுந்து வந்து என் தாயின் அருகில் உட்கார்ந்தார். அதற்கு மேல் ஒருவரும் நாளைப் பற்றிப் பேசவில்லை. ஏப்ரல் 26 அன்று பேரன் பிறந்தான். அவன் தந்தை நலமாக இருக்கிறார் என்பதைச் சோதிட நண்பர்களின் தகவலுக்காகக் குறிப்பிடுகிறேன். பிறப்பைப் பதிவு செய்ய நானே நகராட்சி அலுவலகம் சென்றேன். 2023 அக்டோபர் முதல் பிறக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றிற்கு அந்தச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம் என்று சட்டமே வந்துவிட்டது. இனி ஜூன் முதல் தேதிப் பிள்ளைகள் இரார்.

2016-இல் பேரனுக்கு ஐந்து நிறைந்தது. விதிப்படி சேர்க்கலாம். என் மகள் சேர்க்கவில்லை. மழலையர் வகுப்பிலேயே இன்னோர் ஆண்டு விளையாடட்டும் என்றாள். பையன் சற்று மெலிந்தவன். பென்சிலை இன்னும் முழுக்கையால் பிடித்தான். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, இத்தனை படித்தும், இத்தனை பட்டும், என்ன சொன்னேன் தெரியுமா?

"ஒரு வருடம் வீணாகுமே, அம்மா."

அவள் என்னைப் பார்த்தாள். கோபமில்லை. அலமாரியைத் திறந்து தன் பள்ளிச் சான்றிதழை எடுத்து, பிறந்த தேதி இருந்த இடத்தில் விரலை வைத்து என் முன்னால் நீட்டினாள். இருபது, ஆறு, எண்பது. என் கையெழுத்தைப் பார்த்து எழுத்தர் எழுதியது.

"நான் பிறந்தது மழைக்காலம் என்று பாட்டி சொல்வார்களே, அப்பா" என்றாள். பிறகு சான்றிதழை மடித்து உள்ளே வைத்துவிட்டு, பேரனுக்குச் சோறு பிசையப் போனாள்.

அவன் 2017 ஜூனில் முதல் வகுப்பில் சேர்ந்தான்.